தோமாவின் ஊரில் ஈஸ்டர்: உயிர்த்த உடலும் அன்றாட அன்பும்

ஈஸ்டர் ஆண்டுதோறும் ஒரே தேதியில் வருவதில்லை. மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்பதே கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் கொள்ளும் கணக்கு. அதனால் அது மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவில் எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். தமிழ் நாட்காட்டியில் அந்த முழுநிலவு பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமியாகவே அமைகிறது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவும் சாந்தோம் பேராலயத்தின் புனித வாரமும் அடிக்கடி ஒன்றையொன்று ஒட்டி வருவதற்கு இதுவே காரணம். 2023இல் அந்தப் பெருவிழாவின் அறுபத்து மூவர் உலாவும் பெரிய வெள்ளியும் ஒரே வாரத்தில் வந்தன. மாடவீதிகளில் நீர்மோர்ப் பந்தல் பிரிக்கப்படும் நேரத்தில், நடந்து போகும் தொலைவில் இருக்கும் சாந்தோமில் சிலுவைப் பாதைக்கு மக்கள் கூடிக்கொண்டிருந்தார்கள்.

சென்னைக் கிறிஸ்தவர்களின் ஆண்டில் ஓசை மிகுந்தது கிறிஸ்துமஸ், கூட்டம் மிகுந்தது பெரிய வெள்ளி. தி.நகர் உஸ்மான் சாலைத் துணிக்கடைகளில் டிசம்பரில் தெரியும் பரபரப்பு ஈஸ்டருக்குத் தெரிவதில்லை. அரசு விடுமுறைப் பட்டியலில் பெரிய வெள்ளி உண்டு. ஈஸ்டர் எப்போதும் ஞாயிறு என்பதால் அதற்குத் தனி விடுமுறையே தேவைப்படுவதில்லை. பெரிய வெள்ளியன்று சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பகல் 12 மணியிலிருந்து 3 மணிவரை மும்மணி ஆராதனை நடக்கும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவார்கள். கத்தோலிக்க ஆலயங்களில் சிலுவையை முத்தி செய்ய வரிசை வாசல்வரை நீளும். பல இடங்களில் வழிபாடு முடிந்ததும் கஞ்சி ஊற்றுவார்கள். மறுநாள் இரவு பாஸ்கா எனப்படும் ஈஸ்டரின் திருவிழிப்பு, சீர்திருத்தச் சபைகளில் ஞாயிறு அதிகாலை ஆராதனை. அன்று பகலுக்குள் நாற்பது நாள் மரக்கறி உண்ட வீடுகளில் ஆட்டுக்கறிப் பிரியாணியோடு எல்லாம் முடிந்துவிடும். துன்பத்தைத் தியானிப்பதில் தமிழ்க் கிறிஸ்தவ பக்திக்கு நீண்ட பழக்கம் உண்டு. உயிர்ப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதில் அத்தனை பழக்கம் இல்லை. தவக்காலத்துக்கு நாற்பது நாள் என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். அதைவிட நீளமான ஐம்பது நாள் பாஸ்கா காலம் ஒன்று பெந்தெகொஸ்தேவரை ஓடுகிறது என்பது கோயிலுக்குத் தவறாமல் போகிறவர்களில் பலருக்கே நினைவில் இருப்பதில்லை.

ஈஸ்டர் அன்று கிறிஸ்தவர்கள் அறிக்கையிடுவது எது என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால்தான் அது அன்றாட வாழ்வுக்கு எப்படி வருகிறது என்பது புரியும். ஆன்மா அழியாது என்பதல்ல அந்த அறிக்கை. அதைச் சொல்வதற்குக் கல்லறை காலியாக இருக்க வேண்டியதில்லை. பிளேட்டோ அதை இயேசுவுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முன்பே சொல்லிவிட்டார். ஏதென்சு நகர மன்றத்தில் பவுல் பேசியபோது கடவுளைப் பற்றிச் சொன்னவரை அறிஞர்கள் காதுகொடுத்துக் கேட்டார்கள். இறந்தவர் உயிர்த்தெழுந்தார் என்றதும் சிலர் ஏளனம் செய்தார்கள் என்று திருத்தூதர் பணிகள் நூல் பதிவு செய்கிறது. உடல் என்பது கழற்றி எறிய வேண்டிய சட்டை என்று நம்பியவர்களுக்கு, அந்த உடல் மீண்டு வந்தது நற்செய்தியாகத் தோன்றவில்லை.

மயிலைக்கு உயிர்த்தெழுதல் புதிய கதையல்ல. பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் சாம்பலையும் எலும்பையும் தந்தை சிவநேசர் குடத்தில் இட்டுக் காத்தார் என்றும், திருஞானசம்பந்தர் கபாலீச்சரத்தில் பதிகம் பாட அவள் உயிரோடு எழுந்தாள் என்றும் பெரிய புராணம் சொல்கிறது. பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் அது இன்றும் நடத்திக் காட்டப்படுகிறது. அந்தப் பதிகம் ஊரின் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இவற்றைக் காணாமலா போய்விடுவாய் என்று அவளைக் கேட்கும் போக்கில் அமைந்தது. விழாக்களின் வரிசையில் அடியாருக்கு அமுது படைப்பது முதல் பாட்டிலேயே வந்துவிடுகிறது. உயிர் திரும்பி வருவதற்கும் பிறருக்குச் சோறிடுவதற்கும் உள்ள உறவை மயிலை நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறது.

ஆனால் பூம்பாவை, நற்செய்தியில் வரும் லாசர் போன்றவர்களின் கதையும் இயேசுவின் கதையும் ஒன்றல்ல. லாசர் பழைய வாழ்வுக்குத் திரும்பியவர். பின்னொரு நாள் இறந்திருப்பார். இயேசுவோ இனிச் சாவே இல்லாத வாழ்வுக்குள் போனவர் என்றும், அதில் அவர் முதல்வர், மற்றவர் பின்தொடர்வர் என்றும் திருச்சபை நம்புகிறது. அதே சமயம் அவருடைய உடல் புகையாகவும் மாறிவிடவில்லை. நற்செய்திகள் இதை வலியுறுத்திச் சொல்கின்றன: உயிர்த்தவர் சாப்பிடுகிறார், அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கிறார், அடுப்பு மூட்டுகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆணித் துளைகளோடும் விலாக் காயத்தோடும் வருகிறார். சாவை வென்றவரின் உடலில் தழும்புகள் ஏன் ஆறவில்லை என்ற கேள்வியை இரண்டாயிரம் ஆண்டு இறையியல் விட்டபாடில்லை. எளிய பதில் ஒன்று உண்டு: அவர் இன்னார் என்று அடையாளம் காட்டியவை அந்தக் காயங்களே.

அந்தக் காயங்களைக் கேட்டவர் தோமா. யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தில், உயிர்த்த இயேசு சீடர்களுக்கு முதல்முறை தோன்றும்போது அவர் அங்கே இல்லை. ஆணித் துளையில் விரலையும் விலாவில் கையையும் இட்டாலன்றி நம்பமாட்டேன் என்கிறார். எட்டு நாள் கழித்து இயேசு வந்து, அவர் கேட்டதையே நீட்டுகிறார். இதனாலேயே ஈஸ்டரை அடுத்த ஞாயிறன்று உலகெங்கும் கத்தோலிக்க ஆலயங்களில் இந்தப் பகுதி வாசிக்கப்படுகிறது. ‘சந்தேகத் தோமா’ என்ற பட்டம் அவருக்கு ஒட்டிக்கொண்டது சற்று அநியாயம்தான். மற்றச் சீடர்களும் பார்த்த பிறகே நம்பினார்கள். தோமா அதைவிட ஒரு படி கூடுதலாகக் கேட்டார், அவ்வளவே. அவர் கேட்டது ஒளியையோ அற்புதத்தையோ அல்ல, காயத்தை. மகிமை மட்டும் காட்டி, காயத்தை மறைக்கும் கடவுளை அவர் ஏற்கத் தயாராக இல்லை.

மரபின்படி அவர் இந்தியா வந்து, பரங்கிமலையில் கி.பி. 72இல் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டு, மயிலாப்பூர்க் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட்டார். வரலாற்றாசிரியர்கள் இதில் ஒருமித்தவர்கள் அல்லர். ஆனால் அந்த இடத்தில் ஒரு கல்லறையை மக்கள் தொடர்ந்து போற்றி வந்ததற்குச் சான்று உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இந்தக் கல்லறையைப் பற்றி எழுதுகையில், கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் அங்கே யாத்திரை வந்ததையும், தோமா உயிர்விட்ட இடத்துச் செம்மண்ணை நோயாளிகளுக்கு மருந்தாக எடுத்துச் சென்றதையும் குறிப்பிடுகிறார். எலும்புகளில் பெரும்பகுதி பழங்காலத்திலேயே எடெசாவுக்கும், பின்பு 1258இல் இத்தாலியின் ஓர்த்தோனா நகருக்கும் போய்விட்டன. சாந்தோமில் போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயம் இடிக்கப்பட்டு, கோதிக் பாணியில் எழுந்த இப்போதைய பேராலயம் 1896இல் திறக்கப்பட்டது. 1956இல் பசிலிக்கா என்ற தகுதியைப் பெற்றது. உயிர்த்தவரின் காயத்தைத் தொட்டவராகச் சொல்லப்படும் ஒரே மனிதரின் பெயரில் ஒரு கடற்கரைப் பேட்டையே இருப்பது சென்னைக்கு வாய்த்தது. ஈஸ்டருக்கு இங்கே ஒரு தனிப் பொருள் தேட வேண்டுமானால் அது இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உயிர்ப்புக் கதைகளில் பல அன்றாட வேலைகளுக்கு நடுவில் நடப்பவை. முதலில் கல்லறைக்குப் போன பெண்கள் யாரும் உயிர்ப்பை எதிர்பார்த்துப் போகவில்லை. அவசரத்தில் அடக்கம் செய்யப்பட்ட உடலுக்கு நறுமணப் பொருள் பூசி, செய்ய வேண்டிய கடனைச் செய்து முடிக்கவே போனார்கள். இறந்தவருக்குச் செய்யும் கடைசிப் பணிவிடையின் வழியில்தான் அவர்களுக்குச் செய்தி கிடைக்கிறது. மகதலா மரியா அவரைத் தோட்டக்காரர் என்று நினைக்கிறார். எம்மாவுக்குப் போகும் வழியில் இரண்டு சீடர்கள் மணிக்கணக்கில் அவரோடு பேசிக்கொண்டே நடந்தும் அடையாளம் தெரியாமல், பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்கும் என்று அந்த அந்நியரை வற்புறுத்தி உள்ளே அழைக்கிறார்கள். பந்தியில் அப்பம் பிட்டபோதுதான் கண் திறக்கிறது. வழிப்போக்கரை இரவு உணவுக்கு அழைக்காமல் விட்டிருந்தால் அவர்களுக்கு ஈஸ்டர் இல்லாமலே போயிருக்கும். லூக்கா இதை விளக்காமல் விட்டது நல்லது.

யோவான் நற்செய்தியின் கடைசி அதிகாரம் இன்னும் நெருக்கமானது. இரவெல்லாம் வலை வீசியும் ஒன்றும் கிடைக்காத மீனவர்கள், விடியலில் கரையில் நின்றவர் சொல்லைக் கேட்டு வீசிய பிறகே வலை நிறைந்து கரைக்கு வருகிறார்கள். கரையில் கரி நெருப்பு. அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். வந்து சாப்பிடுங்கள் என்கிறார் உயிர்த்தவர். நொச்சிக்குப்பத்திலோ ஊரூர்–ஆல்காட் குப்பத்திலோ காலையில் படகு கரையேறுவதைப் பார்த்தவர்களுக்கு இதில் விளக்க வேண்டியது ஏதுமில்லை: இரவெல்லாம் கடலில் பாடுபட்டு வருகிறவனிடம் முதலில் பேச வேண்டியது சாப்பாட்டைப் பற்றித்தான். உணவு முடிந்த பின்பே பேதுருவிடம் விசாரணை. மூன்று முறை மறுதலித்தவரிடம் மூன்று முறை, என்னை நேசிக்கிறாயா என்ற கேள்வி. ஒவ்வொரு முறையும் ஆம் என்றதற்குக் கிடைத்த மறுமொழி பாராட்டல்ல, வேலை: ஆடுகளை மேய்ப்பது. கிறிஸ்துவை நேசிப்பதாகச் சொல்கிறவனைப் பிறரிடம் அனுப்பிவிடுவதே இந்தக் கதையின் போக்கு.

யோவானின் முதல் திருமுகம் இதையே கொள்கையாக்குகிறது. சாவைக் கடந்து வாழ்வுக்கு வந்துவிட்டோம் என்று ஒருவர் எப்படி அறிவது? சகோதரரை நேசிப்பதைக் கொண்டுதான் என்கிறது அது. அடுத்து, வசதி இருந்தும் தேவையில் உழலும் சகோதரரைக் கண்டு மனத்தை மூடிக்கொள்பவனைக் கண்டிக்கிறது. பவுலிடமும் இதே ஒழுங்கு உண்டு. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரம் புதிய ஏற்பாட்டிலேயே உயிர்ப்பைப் பற்றிய மிக நீண்ட விளக்கம். அது சாவை எக்காளமிட்டு வென்றதாக உயர்ந்து முடிந்ததும், அடுத்து வரும் பேச்சு எருசலேம் ஏழைகளுக்கான நிதி வசூல்: வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வருவாய்க்கு ஏற்ப எடுத்துவைக்க வேண்டும். இப்போது இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் அதிகாரக் கோடு 13ஆம் நூற்றாண்டில் போடப்பட்டது. பவுலின் கடிதத்தில் உயிர்ப்பிலிருந்து உண்டியலுக்கு ஒரு மூச்சுத் தூரம்தான்.

ஆதித் திருச்சபையைப் பொற்காலமாகக் காட்டுவது பிரசங்க வழக்கம். திருத்தூதர் பணிகள் நூல் அவ்வளவு தாராளமாக இல்லை. உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழ்ந்தார்கள் என்று சொன்ன கையோடு, அன்றாட உணவுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசும் கைம்பெண்கள் விடுபட்டுப்போனார்கள் என்று எழுந்த முணுமுணுப்பையும் அது எழுதி வைத்திருக்கிறது. உயிர்ப்பைக் கண்ணால் கண்டவர்கள் நடத்திய சமூகத்திலேயே மொழியும் குலமும் சாப்பாட்டுப் பந்திவரை வந்திருக்கின்றன. அவர்கள் அதற்குக் கண்ட வழி உபதேசம் அல்ல. அந்த வேலைக்கென்று ஏழு பேரை நியமித்தார்கள்.

3ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அலெக்சாந்திரியாவைக் கொள்ளைநோய் பிடித்தது. அந்நகர ஆயர் தியோனீசியு பாஸ்காவை ஒட்டி எழுதிய திருவிழாக் கடிதமொன்றை வரலாற்றாசிரியர் யூசேபியு பாதுகாத்து வைத்திருக்கிறார். மக்கள் நோயாளிகளைத் தெருவில் தள்ளிவிட்டு ஓடியபோது, கிறிஸ்தவர்கள் பலர் அவர்களைத் தாங்கிப் பிடித்து, பணிவிடை செய்து, இறந்தவர்களைக் கழுவி அடக்கம் செய்து, அதே நோயில் தாமும் மடிந்தார்கள் என்றும், அந்தச் சாவு மறைசாட்சியத்துக்கு ஒப்பானது என்றும் அவர் எழுதுகிறார். ஒரு தரப்பு ஆயர் தம் மக்களைப் பற்றி எழுதியது என்பதை மறக்காமல் படிக்க வேண்டும். ஆனாலும் ஈஸ்டர் வாழ்த்துக் கடிதத்தில் பிணம் கழுவுவதைப் பற்றி எழுதலாம் என்று ஓர் ஆயருக்குத் தோன்றியதே பெரிய செய்தி. 4ஆம் நூற்றாண்டில் ஈஸ்டரை முன்னிட்டுக் கொடுங்குற்றம் செய்யாத கைதிகளை விடுவிக்க உரோமைப் பேரரசர்கள் ஆணை பிறப்பித்தார்கள். நீசா நகர் கிரகோரியார் தம் பாஸ்கா மறையுரையில் சிறைப்பட்டவன், கடன்பட்டவன், அடிமை ஆகியோருக்கு அன்று கிடைக்கும் விடுதலையைப் பேசுகிறார். பாஸ்கா என்பதே எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் வெளியேறிய நாள் என்பதால், இது சேர்த்து ஒட்டியது அல்ல.

வழிபாடும் உடலை விட்டு விலகுவதில்லை. பெரிய வியாழன் மாலையில் பங்குக் குரு பன்னிருவரின் பாதங்களைக் கழுவித் துடைக்கிறார். பல காலம் அந்தப் பன்னிருவர் பங்கின் பெரிய மனிதர்களாகவே இருந்தார்கள். திருத்தந்தை பிரான்சிசு 2013இல் பதவியேற்ற சில நாட்களிலேயே உரோமையின் சிறார் சிறைக்குப் போய், பெண்களும் முஸ்லிம்களும் உள்ளிட்ட கைதிகளின் பாதங்களைக் கழுவினார். 2016இல் பெண்களையும் சேர்த்துக்கொள்ள விதியையே மாற்றினார். 2025 ஈஸ்டருக்கு மறுநாள், ஏப்ரல் 21 அன்று, அவர் காலமானார். சனி இரவுத் திருவிழிப்பில் புது நெருப்பு மூட்டி, பாஸ்கா திரியை ஏற்றி, இருட்டில் நிற்கும் மக்களின் மெழுகுவத்திகளுக்குச் சுடரைக் கைமாற்றுவார்கள். பிறகு தண்ணீர் மந்திரிப்பு. ஞானஸ்நான வாக்குறுதிகளை எல்லாரும் புதுப்பித்தல். ஆண்டுதோறும் கேட்டுப் பழகிப்போன ‘சாத்தானை விட்டுவிடுகிறீர்களா’ என்ற கேள்விக்கு ‘விட்டுவிடுகிறோம்’ என்று உரக்கச் சொல்லும் கூட்டம், வெளியே வந்ததும் வண்டி நிறுத்திய இடத்துக்காகச் சண்டை போடுவதும் உண்டு. பாஸ்கா திரியும் ஐம்பது நாளோடு மறைந்துவிடுவதில்லை. அதன் பிறகு அது ஞானஸ்நானத் தொட்டியருகில் நிற்கும்; குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போதும், சவப்பெட்டி ஆலயத்துக்குள் வரும்போதும் ஏற்றப்படும்.

சென்னையில் இந்த நம்பிக்கை கல்லும் சுண்ணாம்புமாக நின்ற ஓர் இடம் உண்டு. தோமாவின் மரபை நம்பி வந்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரஸ் உஸ்கான், பரங்கிமலைக்குப் போகும் பக்தர்கள் அடையாற்றைக் கடக்கப் படும் பாட்டைக் கண்டு, 1726இல் சைதாப்பேட்டையில் தம் சொந்தச் செலவில் பாலம் கட்டினார். மலைக்கு ஏறும் படிகளும் அவர் அமைத்தவை. மர்மலாங் பாலம் என்று பெயர்பெற்ற அது இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. அதே இடத்தில் 1966இல் வந்ததே இன்றைய மறைமலை அடிகள் பாலம். யாத்திரிகரை மனத்தில் வைத்துக் கட்டிய பாலத்தில் நடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் யாத்திரிகர் அல்லர்: காய்கறிக்காரர், சிப்பாய், வண்ணார், மாட்டுவண்டிக்காரர். பிறரன்பு என்றதும் ஆதரவற்றோர் இல்லமும் கஞ்சித் தொட்டியும் மட்டும் நினைவுக்கு வருவது குறுகிய பார்வை. யார் கடக்கிறார் என்று கேட்காத பாலமும் அதில் அடங்கும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் குப்பங்களிலிருந்து ஓடிவந்தவர்களுக்குச் சாந்தோம் ஆலய வளாகம் தஞ்சம் கொடுத்தது. அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர் அல்லர். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு கரை மீறியபோது ஆலயம், மசூதி, கோயில் மண்டபம் என்ற வேறுபாடின்றி நகரமே கதவைத் திறந்தது. கிறிஸ்தவர்கள் தமக்கென்று தனிப் பெருமை கோர அதில் இடமில்லை.

உடலைப் பற்றிய சோதனை சென்னைக்கு 2020இல் வந்தது. அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 12. ஊரடங்கில் ஆலயங்கள் பூட்டிக் கிடந்தன. ஒரு வாரம் கழித்து, தோமாவின் வாசகம் வரும் ஏப்ரல் 19 ஞாயிறன்று, நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் கொரோனாவால் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்துக்கு உடலைக் கொண்டுபோனபோது தொற்று பரவும் என்று கூட்டம் கூடி மறித்தது. வண்டி அண்ணா நகர் வேலங்காட்டுக்குத் திரும்பியது. அங்கேயும் கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் கண்ணாடி நொறுங்கி, ஓட்டுநர்களுக்குக் காயம்பட்டது. குடும்பத்தார் திரும்பிப் போக நேர்ந்தது. கடைசியில் சக மருத்துவர் ஒருவரே ஆம்புலன்சை ஓட்டி வந்து, போலீஸ் காவலில், மருத்துவமனை ஊழியர் இருவரோடு மண்வெட்டியாலும் கையாலும் மண்ணைத் தள்ளிக் குழியை மூடினார். அதே மாதம் தமிழக அரசு இப்படி அடக்கத்தைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சென்னை–மயிலை உயர்மறைமாவட்டம் தன் கல்லறைத் தோட்டங்களில் இடம் தர முன்வந்தது. இறந்தோரை அடக்கம் செய்வது கத்தோலிக்க மறைக்கல்வியில் உடல் சார்ந்த ஏழு இரக்கச் செயல்களில் கடைசியாக வருவது. பிள்ளைகள் மனப்பாடம் செய்யும்போது அவசரமாகத் தாண்டிப்போகும் வரி. அந்த இரவில் அதைச் செய்துகாட்டியவர் மருத்துவ உடை அணிந்து வந்த நண்பர்.

கல்லறை என்றதும் சொல்லாமல் விட முடியாதது சாதி. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் குழிகளை மற்றவர்களின் குழிகளிலிருந்து பிரித்து நின்ற சுவர் தமிழகத்தில் பலமுறை பேசப்பட்டது, போராட்டத்துக்கும் உள்ளானது. சவ ஊர்வலத்துக்குத் தனித் தெரு, தேர்த்திருவிழாவில் வரி வாங்க மறுப்பு என்று வேறு பல ஊர்களிலும் வேறு வடிவங்களில் அது இருந்துவந்திருக்கிறது. கடைசி நாளில் எல்லா உடல்களும் ஒருசேர எழும் என்று விசுவாச அறிக்கையில் ஞாயிறுதோறும் சொல்கிறவர்கள், அதுவரை எலும்புகள் கலந்துவிடக் கூடாது என்று செங்கல் அடுக்குவதைவிட ஈஸ்டரைத் தெளிவாக மறுக்கும் செயல் வேறில்லை. கடவுளே இல்லை என்று சொல்கிறவர்கூட அத்தனை தூரம் போவதில்லை. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை ஒப்புக்கொண்டது. கொள்கை அறிக்கை வந்துவிட்டது. திருமண விளம்பரங்களில் ‘ஆர்.சி.’ என்பதற்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

மன்னிப்பு உயிர்ப்பு நாளோடு பிரிக்க முடியாமல் கட்டப்பட்டது. யோவான் நற்செய்தியில் உயிர்த்தவர் சீடர்களுக்குத் தரும் முதல் அதிகாரமே பாவம் மன்னிப்பதுதான். இது எவ்வளவு கடினம் என்பதை 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் காலை இலங்கை அனுபவித்தது. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாபிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், நட்சத்திர விடுதிகள் மூன்று ஆகியவற்றில் தற்கொலைக் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். சீயோன் தமிழர் கூடும் ஆலயம். அங்கே இறந்தவர்களில் ஞாயிறு பள்ளியை முடித்து வெளியே நின்ற குழந்தைகள் பலர். கர்தினால் மால்கம் ரஞ்சித் முஸ்லிம்கள்மீது யாரும் கைவைக்கக் கூடாது என்று உடனே வேண்டிக்கொண்டார். ஓராண்டு கழித்து ஈஸ்டர் மறையுரையில், தாக்கியவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். அதோடு அவர் ஓயவில்லை. முன்கூட்டியே எச்சரிக்கை வந்தும் தடுக்காதவர்கள் யார், பின்னிருந்து இயக்கியவர்கள் யார் என்ற கேள்வியை ஆட்சிகள் மாறினாலும் விடாமல் கேட்டுவருகிறார். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், கடமை தவறியதற்காக முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது.

மன்னிப்பவன் வழக்கை வாபஸ் வாங்கிவிட வேண்டும் என்று நம்மூரில் ஓர் எண்ணம் உண்டு. குடும்பத்துக்குள் அடிபடும் பெண்களிடம் ‘நாற்பது நாள் தபசு இருந்துவிட்டு மன்னிக்கக் கூடாதா’ என்று சொல்லி வாயடைப்பவர்களும் உண்டு. காயத்தை மறைக்காமல் காட்டியபடியே ‘உங்களுக்குச் சமாதானம்’ என்று சொன்னவரின் விழாவில் இதற்கு ஆதாரம் தேட முடியாது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவர் கிரகாம் ஸ்டெய்ன்ஸையும் இரு மகன்களையும் வண்டியோடு எரித்தவர்களை மன்னிப்பதாகச் சொன்ன கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ், நீதிமன்றம் தன் வேலையைச் செய்வதைத் தடுக்கவில்லை. தாம் செய்துவந்த தொழுநோயாளர் பணியையும் உடனே விட்டுப் போகவில்லை. பழிவாங்கும் உரிமையைக் கைவிடுவதும் உண்மையைக் கேட்கும் உரிமையை வைத்துக்கொள்வதும் ஒரே மனிதரிடம் இருக்க முடியும்.

இவையெல்லாம் பெரிய நாட்கள், பெரிய துயரங்கள். மற்ற நாட்களில் மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் அடுக்ககங்களில் ஈஸ்டரின் பொருள் மிகச் சிறிய அளவில்தான் தென்பட முடியும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மூன்றாம் மாடியில் லிஃப்ட் இல்லாத வீட்டில் தனியே இருக்கும் முதியவர்கள் இந்தப் பகுதிகளில் நிறைய. மாதாமாதம் பணம் வருகிறது, வீடியோ அழைப்பு வருகிறது. மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்லவும், பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் தூக்கிவிடவும் ஆள் வருவதில்லை. உயிர்ப்பு உடலைப் பற்றிய நம்பிக்கை என்றால், அதிலிருந்து பிறக்கும் அன்பும் உடலோடு போய் நிற்க வேண்டியிருக்கிறது. அதே அடுக்ககத்தில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவும், இரவுக் காவலில் இருக்கும் வடமாநிலத்து இளைஞரும் ஈஸ்டர் ஞாயிறன்றும் வேலைக்கு வந்தாக வேண்டும். அவர்களில் கிறிஸ்தவர் இருந்தால் அதிகாலை ஆராதனைக்கு விடுப்புக் கிடைத்ததா, பிரியாணி அவர்களுக்கும் தட்டில் வந்ததா, பிளாஸ்டிக் டப்பாவில் மிச்சமாக வந்ததா என்பவை திருவிழாத் திருப்பலியின் ஆடம்பரத்தைவிட அதிகம் சொல்லும்.

கத்தோலிக்கப் பங்குகளில் இதற்கென்று பழகிய இரண்டு அமைப்புகள் உண்டு. ஒன்று அன்பியம்: பங்கைத் தெருவாரியாகச் சில பத்துக் குடும்பங்களாகப் பிரித்து, வீடு வீடாகக் கூடி நற்செய்தி வாசித்து, அக்கம்பக்கத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை போயிற்று என்று பேசும் ஏற்பாடு. நன்றாக நடக்கும் இடத்தில் இது தெருவுக்கே பயன்படும். சரியாக நடக்காத இடத்தில் ஜெபமாலையும் டீயும் வடையுமாக முடிந்துபோகும். இன்னொன்று வின்சென்ட் தெ பால் சபை. பாரீசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற மாணவர் 1833 ஏப்ரல் 23 அன்று, தம் 20ஆம் பிறந்தநாளில், நண்பர்களோடு இதைத் தொடங்கினார். அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 7 என்பதால் அது பாஸ்கா காலத்தின் நடுவில் பிறந்த சபை. பணத்தை அனுப்பிவைப்பது அவர்கள் முறையல்ல. உறுப்பினர்கள் இருவர் இருவராக ஏழைகளின் வீட்டுக்கு நேரில் போகிறார்கள்: அரிசி, மருந்து, பள்ளிக் கட்டணம், சில சமயம் வெறும் பேச்சு. போன வீட்டைப் பற்றி வெளியில் பேசுவதில்லை. கூட்ட முடிவில் ஒரு பை சுற்றி வரும். யார் எவ்வளவு போட்டார் என்பது தெரியாதபடி எல்லாரும் கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். பல பங்குகளில் இந்தச் சந்திப்புக்கு வருகிறவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அரசு ஊழியர்களுமாகவே இருக்கிறார்கள். மாடிப்படி ஏறச் சிரமப்படும் வயதில் அவர்களே இன்னொருவரின் மாடிப்படியை ஏறுகிறார்கள். இளைஞர் வருவது குறைந்துவிட்டது என்ற முறையீடு எல்லாப் பங்கிலும் கேட்கிறது. தவக்கால உண்டியல் ஈஸ்டருக்குள் கைமாறிவிடுகிறது. வீடு தேடிப் போகும் வேலைக்கோ ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும்.